அஞ்சாம் நம்பர் பச்சைச் சட்டை

அவன் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஃபுட்பால் டீமில் கோலியாக, அதாவது கோல்கீப்பராக நின்றவனுக்கு வேறென்ன வாய்க்கும்? எனக்கு முன்னால், பெனால்டி பாக்ஸின் விளிம்பில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான். பச்சைச் சட்டை. அதன் முதுகில் வெள்ளைத் துணியை வெட்டித் தைத்த அஞ்சாம் நம்பர். அந்த அஞ்சின் கீழ் வளைவு எந்நேரமும் தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். அவன் மனைவி தைத்துக் கொடுப்பாள். அடுத்த மேட்சில் எவனாவது ஒரு பார்வர்ட் பிடித்து இழுத்துப் பிய்த்துவிடுவான். மறுபடி அவள் ஊசியில் நூல் கோப்பாள்.

விழுப்புரத்தில் பழைய ஆட்டம் பார்த்தவர்களிடம் 'ஸ்டாப்பர்' என்று மட்டும் சொன்னால் போதும், அவனைத்தான் சொல்கிறோம் என்று புரிந்துகொள்வார்கள். தடுப்பாட்டக்காரர்களில் நட்ட நடுவில் நிற்பவனுக்கு ஸ்டாப்பர் என்று பெயர். எத்தனையோ பேர் அந்த இடத்தில் ஆடியிருக்கிறார்கள், பெயர் என்னவோ அவனுக்குத்தான் ஒட்டிக்கொண்டது. அவன் உயரமும் கிடையாது, வேகமும் கிடையாது. அவன் விழுந்து புரண்டு ஓடி நான் பார்த்ததே குறைவு. பந்து வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே நடந்து போய் நின்றிருப்பான். பெரிய பெரிய டீம்களிலிருந்து வந்த ஆட்கள் அவனிடம் முட்டி மோதி, கடைசியில் என்னைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். அவனைத் திட்ட அவர்களுக்கு வாய் வராது.

அவன் கடைசி வரைக்கும் ஒரே டீமுக்குத்தான் ஆடினான். வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். எங்கள் பக்கத்து டோர்னமென்ட்களைப் பற்றித் தெரிந்தால்தான் விளங்கும். இங்கே எந்த டீமும் சொந்த ஆட்களை மட்டும் வைத்து ஆடுவதில்லை. முக்கியமான மேட்ச் என்றால் வெளியிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு 'கெஸ்ட்' என்று பெயர். வண்டிச் சத்தத்துக்குப் பணம், பிரியாணி, கையில் ஏதோ கொஞ்சம். இந்த ஞாயிறு கடலூருக்கு ஆடினவன் அடுத்த ஞாயிறு கடலூரை எதிர்த்து ஆடுவான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நானே போயிருக்கிறேன். பண்ருட்டியில் போட்ட பிரியாணி இன்னும் நாக்கில் நிற்கிறது. ஆனால் அவன் போகமாட்டான். வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திக் கூப்பிட்டாலும், "எங்க டீமு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவான்.

சென்னையிலிருந்து ஒரு இலாகாவில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். சீருடை போட்ட வேலை, பென்ஷன் உண்டு. அவர்கள் டீமுக்கு ஆடவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. போகவில்லை. அன்றைக்கு நான் அவனைக் கேட்காத கேள்வியில்லை.

"பைத்தியமாடா உனுக்கு? எவனுக்குக் கிடைக்கும் இது?"

"அங்க போனா பின்னாடி எவன் நிப்பான்னு தெரியாதே, மச்சான்."

ஒரு வாரம் திட்டினேன். அவன் மனைவி அதற்கப்புறமும் பல வருஷம் திட்டினாள். அவன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லுக்கே திரும்பிப் போய், தூசியைத் தின்றுகொண்டு, மிஷினில் காயைக் கொட்டிக்கொண்டிருந்தான். பிற்பாடு மேடையில் ஏற்றி மாலை போட்டவர்களெல்லாம் இதைத் தியாகம் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பிரஷர் ஏறும். தியாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவனுக்கு வேறு டீமில் நிற்கத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றை வைத்துத்தான் ஊர் அவனை மதித்தது. அவனிடம் வேறு சொத்து இல்லை.

அவன் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற காலனிக்காரன். எங்களுக்குப் பனமலைப் பக்கம் கொஞ்சம் நிலம், கேப்பையும் மல்லாட்டையும் போடுவோம். என் அப்பா இருந்தவரை எங்கள் தெருவில் நின்று அவன் என்னை மச்சான் என்று கூப்பிட்டதில்லை. கிரவுண்டில் ஒருநாளும் வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. நானும் அப்படித்தான். இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே கிடையாது.

ஆட்டத்தை விட்ட பிறகு அவனுக்குச் சுகர் வந்தது. வெல்லத்தை விடு என்றால் கேட்கிற ஆளா? மில்லில் வறுத்த மல்லாட்டையோடு வெல்லத்தைக் கடித்துக்கொண்டே காலத்தை ஓட்டினான். போன வருஷம் கண்ணில் கை வைத்தது. பாண்டிச்சேரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள், இனி இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கோலியனூர் தாண்டினபோது வாயைத் திறந்தான்.

"நடுவுல ஃபுல்லா புகை மச்சான். ஓரத்துலதான் கொஞ்சம் கலர் தெரியுது. உன் மூஞ்சி தெரியல. புளூ சட்டை போட்டுக்கினு இருக்க, அது தெரியுது."

நான் குனிந்து என் சட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

"யார்கிட்டயும் சொல்லாத. எங்க வூட்ல தெரியும், உனுக்குத் தெரியும். அதோட வுட்டுடு. பசங்களுக்குத் தெரிஞ்சா கையப் புடிச்சி இட்டுக்கினு போயி சேர்ல குந்த வைப்பானுங்க. பாவம்னுவானுங்க. அது மட்டும் எனுக்கு வேணாம்." என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். "சொல்லமாட்டன்னு சொல்லு."

சொல்லமாட்டேன் என்றேன்.

அதன் பிறகு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். வெளியே போகும்போது நான் பளிச்சென்று சட்டை போட்டுக்கொண்டு அவனுக்கு இடது பக்கம் அரை அடி முன்னால் நடப்பேன். அவன் அந்தக் கலரைப் பிடித்துக்கொண்டு வருவான். பார்க்கிறவர்களுக்கு இரண்டு கிழவர்கள் பேசிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். வயதான காலத்தில் எலுமிச்சம்பழ மஞ்சளில் சட்டை கேட்கிறதா என்று என் வீட்டில் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அத்தனை வருஷம் நான் அவன் முதுகைப் பார்த்து நின்றேன், இப்போது அவன் என் முதுகைப் பார்த்து நடந்தான்.

இந்த வருஷம் திண்டிவனத்தில் நடந்த டோர்னமென்ட்டில் எங்கள் டீம் பைனலுக்கு வந்தது. எதிரில் திண்டிவனமே. அந்தச் சேதியைச் சொன்ன அன்றே அவன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய சட்டையை எடுத்துவிட்டான். நாப்தலின் உருண்டை வாடை வீடு முழுக்க அடித்தது. எங்கள் டீமில் இப்போது ஸ்டாப்பர் இடத்தில் ஆடுகிறவன் நல்ல பையன், அச்சகத்தில் வேலை செய்கிறான், வேறு டீம் கூப்பிட்டும் போகாதவன். நான்தான் அந்தப் பையனைப் பற்றி இவனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"பைனல் முடிஞ்சதும் கிரவுண்ட்லயே இத அவன் கையில குடுத்துடறேன்," என்றான். "பெட்டியில கெடந்து இன்னா ஆவப்போவுது? போட்டுக்கினு ஆடட்டும்."

அவன் மனைவி அஞ்சின் கீழ் வளைவைக் கடைசியாக ஒருமுறை தைத்தாள். நான் செக்ரட்டரியிடம் சொன்னேன். செக்ரட்டரி என்றால் செல்போன் கடை வைத்திருக்கும் ஒரு சின்ன வயசு ஆள். அவர் அச்சகப் பையனிடம் சொல்லிவிட்டார். அந்தப் பையன் முடி வெட்டிக்கொண்டு வந்தானாம்.

டீம் வேனில் போனது. வேனில் ஏறினால் முகம் பார்த்துப் பேசவேண்டி வருமே என்று நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். சட்டையை ஒரு துணிக்கடைப் பையில் மடித்து மடியில் வைத்திருந்தான். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது ஜன்னல் பக்கம் திரும்பி, நாலு பேர் காதில் விழும்படி, "பழக் கடைங்க ஜாஸ்தியாயிடுச்சி இல்ல மச்சான்?" என்றான். பஸ் நின்றிருந்தது ஒரு பஞ்சர் கடை முன்னால். "ஆமாம், நிறைய வந்துடுச்சு," என்றேன்.

கிரவுண்டில் கரண்ட் இல்லை. மைக் செட்காரன் ஜெனரேட்டருக்காகப் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான். கடைசி வரைக்கும் ஜெனரேட்டர் வரவில்லை. எந்த டீம் எந்தப் பக்கம் என்று சொல்ல அன்று மைக்கே இல்லை என்பதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு சேரில் அவனை உட்காரவைத்துவிட்டு எங்கள் பையன்களைப் பார்க்கப் போனேன். பையிலிருந்து ஜெர்சியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு. கண்ணைக் கூசுகிற ஆரஞ்சு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செக்ரட்டரியைப் பிடித்தேன்.

"இன்னாயா இது? பச்சைதான நம்ம கலரு?"

"ஸ்பான்சர் இதத்தாண்ணே குடுத்தாரு. சும்மா குடுக்கறவர்கிட்ட கலரு கேக்க முடியுமா?"

"யாரக் கேட்டு மாத்துன?"

"யாரக் கேக்கணும்? போன வாரமே வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டேனே, நீங்க பாக்கலயா?"

நான் பார்க்கவில்லை. குரூப்பில் காலை வணக்கமும் பூவும்தான் வருகிறது என்று மூடி வைத்திருந்தேன். இருந்தாலும் விடவில்லை. கோலியாக இருந்து கத்திப் பழகின தொண்டை, ரேஷன் கடையில் வேலைக்கு உட்கார்ந்து இன்னும் பதமாகியிருந்தது. நன்றாகக் கத்தினேன். கத்தி முடித்துத் திரும்பினால் வேப்பமரத்தடி சேர் காலி.

எதிர்ப்பக்கம் பார்த்தேன். திண்டிவனத்துக்காரர்கள் வழக்கமாகச் சிவப்பும் வெள்ளையும் போடுவார்கள். அன்றைக்குப் புத்தம் புதிய பச்சை. கரும்பச்சை, எங்கள் பழைய பச்சையேதான். வரிசையாக அவர்கள் வேப்பமரத்தைத் தாண்டி பெஞ்சுக்குப் போயிருக்கிறார்கள். பூட்ஸ் சத்தம் கேட்டிருக்கும், கண்ணின் ஓரத்தில் பச்சை நகர்ந்து போயிருக்கும். இவன் எழுந்து அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டான். அவர்கள் பெஞ்சின் நடுவில், மடியில் பையோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

ஓடினேன். அவர்கள் டீம் மேனேஜர் என்னை வழியிலேயே நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஆளு பெரிய மனுஷருங்க. எதிர் டீம்னு பாக்காம எங்க பசங்ககூட வந்து குந்திக்கினாரு பாருங்க. யாருக்கு வரும் இந்த மனசு?" அவர் குரல் தழுதழுத்தது.

அவனிடம் போய்க் குனிந்தேன்.

"மச்சான், கொஞ்சம் எழுந்து வா. அந்தாண்ட போலாம்."

"அந்தாண்ட இன்னா கீது? எதிராளி பக்கம் போயி நான் இன்னாத்துக்குக் குந்தணும்?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். மேனேஜரும் சிரித்தார். அவனும் சிரித்தான். நான் காதோடு சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? பதறி எழுவான். எழுந்தவன் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கையை நீட்டித் தடவுவான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையை யாராவது பிடித்துவிட்டால் முடிந்தது. அப்புறம் அவன் வீட்டை விட்டு வரமாட்டான். ரெஃப்ரி விசில் அடித்தார். நான் அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து, பந்து உதைபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஆரம்பித்தான்.

"ஏறு! ஸ்டாப்பரு, ஏறு! இன்னா அங்கயே நின்னுக்கினு கீற? லைனு மேல வா!"

திண்டிவனத்து ஸ்டாப்பர் ஒல்லியான ஒருவன், இருபதைத் தாண்டியிருப்பான். பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தான். ஏறினான். அவன் ஏற, மற்ற தடுப்பாட்டக்காரர்களும் ஏறினார்கள். எங்கள் பார்வர்ட் இரண்டு பேரும் ஆஃப் சைடில் மாட்டிக்கொண்டார்கள்.

"ஆரஞ்சு வர்றான் பாரு லெஃப்ட்ல! உடாத! ஆளப் புடி, பந்த உடு!"

அந்த ஆரஞ்சு எங்கள் பையன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தான். இவன் கத்தின கத்தலில் பச்சை இரண்டு பேர் போய் மறித்துவிட்டார்கள். என் வாழ்க்கை முழுக்க எந்தக் குரலை நம்பி நான் கோல் போஸ்டில் நிம்மதியாக நின்றேனோ அதே குரல். அது எங்கள் டீமை ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் எழுந்து நின்று இந்தப் பக்கமே பார்த்தார்கள். என் போன் அடித்தது. செக்ரட்டரி.

"அண்ணே, அவரு இன்னா பண்றாரு? யாருக்குக் கத்திக்கினு இருக்காரு?"

"தெரியல," என்று சொல்லிக் கட் பண்ணினேன்.

ஹாஃப் டைமில் பேசிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் பையன்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். எவனோ அவனுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தான். அவன் அந்த ஒல்லிப் பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு, "பந்தப் பாத்தினா ஏமாந்துடுவ. காலப் பாத்தாலும் ஏமாந்துடுவ. அவன் இடுப்பப் பாரு. இடுப்பு போற பக்கம்தான் அவன் போவான்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பையன் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணில் ஊசி போட்ட நாளிலிருந்து இவன் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் கையாலாகாமல் போகுமா என்று எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது.

ஆட்டம் முடிய இருந்த சமயம், திண்டிவனத்துக்குக் கார்னர் கிடைத்தது. "ஸ்டாப்பரு, நீயும் போ! ரெண்டாவது போஸ்ட்டு, ரெண்டாவது போஸ்ட்டு!" என்று எழுந்து நின்று கத்தினான். ஒல்லிப் பையன் ஓடினான். பந்து வந்தது. எங்கள் கோலி ஒரு அடி வெளியே வந்து, தயங்கி, நின்றான். அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும், அதில் விழுந்து எழுந்தவன் நான். ஒல்லிப் பையன் தலையால் முட்டிப் பந்தை உள்ளே தள்ளினான்.

இவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "நம்ம பையன்டா! பாத்தியா, நம்ம பையன்டா!" நானும் கட்டிக்கொண்டேன். அவன் தோளுக்கு மேலாக, எங்கள் கோலி தரையில் கவிழ்ந்து கிடப்பது தெரிந்தது.

ஒற்றை கோலில் ஆட்டம் முடிந்தது. விசில் ஊதி முடிக்கவில்லை, "ஸ்டாப்பரக் கூப்புடு," என்றான். நான் கூப்பிடாவிட்டால் என்ன, பையனே வந்து காலைத் தொட்டான். இவன் பையிலிருந்து சட்டையை எடுத்து உதறினான். நாப்தலின் வாடை வந்தது. இதற்குள் எங்கள் ஆட்கள் கை குலுக்குவதற்காக இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அச்சகப் பையன் ஆரஞ்சு ஜெர்சியில், புதிதாக வெட்டின முடியோடு, கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது நான் போட்டது. நான் வேற எவனுக்கும் ஆடுனது இல்ல. நீயும் எவன் கூப்டாலும் போவாத. ஒரே டீமு. சத்தியம் பண்ணு," என்றான்.

ஒல்லிப் பையன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையன் மெதுவாகக் கையை நீட்டிச் சத்தியம் செய்தான். எல்லாரும் கை தட்டினார்கள். எங்கள் ஆட்கள் தட்டவில்லை.

அப்புறம்தான் மேனேஜர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார். "அந்தப் பையன் எங்க ஊரு இல்லீங்க. கோட்டக்குப்பம். இந்த ஒரு மேட்சுக்குக் கெஸ்ட்டா இட்டுக்கினு வந்தோம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் பேசிக்கொண்டே வந்தான். "ஏண்டா உம்முனு வர்ற? ஜெயிச்சிட்டோம் இல்ல?" என்று என் தொடையில் தட்டினான். வீட்டு வாசலிலேயே, "நம்ம ஜெயிச்சிட்டோம்டி, சட்டையக் குடுத்துட்டேன்," என்று மனைவியிடம் கூவினான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த நாளிலிருந்து பேச்சு கிளம்பியது. டீக்கடையில், கிரவுண்டில், அந்தக் குரூப்பில். காலை வணக்கத்துக்கு நடுவே எவனோ போட்டான்: 'ஆயுசுக்கும் கெஸ்ட் போகாதவர் கடைசியில் கெஸ்ட் போய்விட்டார்.' கீழே சிரிக்கிற முகங்கள். திண்டிவனத்துக்காரன் பையில் ஏதாவது வைத்திருப்பான் என்று ஒருவன். ஆரஞ்சு ஜெர்சிக்குக் கோபித்துக்கொண்டு வேண்டுமென்றே செய்தார் என்று இன்னொருவன். அதற்கு நான்தான் தூண்டுதலாம். அச்சகப் பையன் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. ஒருநாள் வழியில் பார்த்தபோது, "எனுக்கு ஏதோ கொறைன்னு நெனச்சிட்டாரு போலண்ணே," என்று மட்டும் சொன்னான்.

அவனுக்குக் கண் தெரியாது என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எல்லா வாயும் மூடிக்கொள்ளும், அவன் பேர் திரும்பி வரும். ஒரே டீம் என்று ஆயுசு முழுக்கச் சேர்த்த பேர் அது. பலமுறை போனில் அந்த வரியைத் தட்டினேன். பிறகு என் கை அவன் தலையில் இருந்தது ஞாபகம் வரும், அழித்துவிடுவேன். பேரைக் காப்பாற்றினால் அவனைப் பாவம் என்பார்கள். அவன் கேட்டதைக் காப்பாற்றினால் துரோகி என்பார்கள். எதைச் செய்தாலும் கோல் விழும் என்று தெரிந்து நிற்கிற நிலை.

அவன் ஒன்றும் அறியாமல் வீட்டில் இருந்தான். "பசங்க ஏண்டா ஒருத்தனும் வரல? ஜெயிச்சா வந்து ஸ்வீட் குடுத்துட்டுப் போவானுங்களே," என்றான்.

"ஸ்வீட் உனுக்கு ஆவாதுன்னு வரலியோ என்னவோ," என்றேன். சிரித்தான்.

போன வாரம் என் ரேஷன் கடைக்கு அந்த ஒல்லிப் பையன் வந்தான். கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். கடையில் கூட்டம். கைரேகை மிஷின் வழக்கம்போல் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அவன் கவுண்டருக்கு உள்பக்கம் வந்து, பிளாஸ்டிக் கவரில் இருந்த சட்டையை எடுத்துக் காட்டினான். துவைத்து இஸ்திரி போட்டிருந்தான்.

"அவருக்குக் கண்ணு தெரியாது இல்ல சார்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

நான் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தேன். "யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. சத்தியத்துக்கு நான் கைய நீட்டினேன். அவரு கை பக்கத்துல வெறும் காத்துல தேடிச்சி. நான்தான் போய்ப் புடிச்சிக்கினேன். யார்கிட்டயும் சொல்லல சார்."

பையன் தன் கதையைச் சொன்னான். தண்ணீர் கேன் போடுகிறான். அண்ணன் வளைகுடாவில் இருக்கிறான், அவனுக்கே அங்கே சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை கெஸ்ட் ஆட்டம்தான் வீட்டுக்குக் கொஞ்சம் தெம்பு. பைனலுக்குப் பிறகு கடலூரில் கூப்பிட்டார்கள், பாண்டியில் கூப்பிட்டார்கள். பையன் போகவில்லை.

"சட்டையை என்கிட்ட குடுத்துடு தம்பி," என்றேன். "நீ பாட்டுக்குப் போய் ஆடு. உன்னை யாரும் கேக்கமாட்டாங்க."

கையை நீட்டினேன். அவன் சட்டையை நீட்டினான், ஆனால் பிடியை விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"சட்டையக் குடுத்துடலாம் சார். சத்தியத்த யார்கிட்ட குடுக்கறது? கண்ணு தெரியாதவரு கையப் புடிச்சி பண்ணிட்டேனே." சட்டையைப் பார்த்துக்கொண்டே, "ஒரே டீமுன்னாரு. சரின்னேன். எனுக்கு ஊர்ல டீமு கிடையாது சார், சின்ன வயசுலருந்தே கெஸ்ட்தான். நான் எந்த டீம விட்டுப் போவக்கூடாது? அத மட்டும் சொல்லுங்க," என்றான்.

திண்டிவனம் என்று சொல்லலாமா? அவர்கள் ஒரு மேட்சுக்குக் கூப்பிட்டவர்கள், முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். எங்கள் டீம் என்றால், அங்கே அச்சகப் பையன் நிற்கிறான். எதுவுமில்லை, மறந்துவிடு என்றால், காற்றில் தேடின அந்தக் கைக்கு என்ன மரியாதை? வாழ்நாளெல்லாம் கோல் போஸ்டில் நின்று, நீ இங்கே நில், நீ அங்கே போ என்று ஊருக்கே கத்தினவன் நான். இவன் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஜல்தி பாருங்க சார், பேஜாரா கீது," என்று வரிசையில் ஒரு அம்மா குரல் கொடுத்தார். "முடிச்சிட்டு வர்றேன், குந்து தம்பி," என்றேன்.

அவன் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தான். முதுகு நிமிர்ந்து, அவசரமில்லாமல், என் பதிலுக்காகக் காத்திருந்தான். வரிசை குறைந்துகொண்டே வந்தது. நான் ஒவ்வொருவருக்கும் அரிசியை மெதுவாக, மிக மெதுவாக எடை போட்டுக்கொண்டிருந்தேன்.